விலை உயர்ந்த பேஸ் கிட்டார்: செட்டப்புக்கு டெக்னீஷியனிடம் கொடுப்பதா, நாமே செய்துகொள்வதா?

கீழ்ஸ்தாயி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் மனசிலேயே வைத்திருந்த ஒரு பேஸை ஒருவழியாக வாங்கிவிட்டேன். சிறிய பட்டறையில் கையால் செய்தது, ஐந்து கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிர்கிற நீளம்), போல்ட் போட்ட நெக், பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் ப்ரீஆம்ப். வந்த புதிதில் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போனது. சீசன் மாறியதிலிருந்து நடு நெக்கில் கம்பி தூக்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஏழாவது ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பன்னிரண்டு வரை அழுத்துவதற்கு முன்பு தேவைப்படாத பலம் வேண்டியிருக்கிறது. பி கம்பியில் மேலே போகப்போக சுருதி ஏறுகிறது, காதுக்கும் கேட்கிறது, ட்யூனரிலும் தெரிகிறது.

இதற்கு முன் வைத்திருந்த சாதாரண பேஸில் சேடில் (பாடி பக்கம் கம்பி உட்காருகிற துண்டு) ஏற்றுவது இறக்குவது, இன்டனேஷன் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக விழுவது) பார்ப்பது எல்லாம் நானேதான் செய்துகொண்டிருந்தேன். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராடை மட்டும் தொட்டதில்லை. இந்தப் பேஸில் ஆலன் சாவியை எடுக்கவே மனசு வரவில்லை. இவ்வளவு பணம் போட்ட கருவியை செட்டப்புக்கு, அதாவது நெக் வளைவு, கம்பி உயரம், சுருதி எல்லாம் சரிசெய்ய, தெரிந்தவர் கையில் கொடுப்பதுதான் முறையா? இல்லை, இதையும் நானே கற்றுக்கொண்டு செய்யலாமா? இரண்டு பக்கமும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெல்விரல் எழுதியது:

கொடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நல்ல டெக்னீஷியன் ஒருவர் நெக்கை ஒருதரம் நீளவாக்கில் பார்த்தாலே எங்கே வளைந்திருக்கிறது, எந்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் நமக்கு வருவதற்கு நிறையக் கருவிகளைக் கையாண்டிருக்க வேண்டும். நாம் வைத்திருப்பதோ ஒன்றோ இரண்டோ. இன்னொரு விஷயம், கையால் செய்த பேஸ் என்றால் செய்தவரே அதற்கென்று சில அளவுகளை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார். முதலில் அவருக்கு எழுதிக் கேளுங்கள். உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா, நீங்கள் திருகினால் அது செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

நாலுகம்பி எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செட்டப் என்பது ஒருமுறை செய்து முடித்துவிடுகிற வேலை இல்லையே. மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், விடும். அதற்கேற்ப நெக் முன்னே பின்னே அசையும். விலை கூடின மரமும் அசையத்தான் செய்யும். இன்று கொடுத்து வாங்கினால் அடுத்த சீசனில் மறுபடி இதே கதை. ஒவ்வொரு முறையும் பேஸைக் கொடுத்துவிட்டு எப்போது வரும் என்று காத்திருப்பதா?

அதைவிட முக்கியம், டெக்னீஷியனுக்கு உங்கள் கை தெரியாது. விரலை மெதுவாகத் தொட்டு வாசிக்கிறவருக்கு 17ஆவது ஃப்ரெட்டில் 2 மில்லிமீட்டர்கூட சுகமாக இருக்கும். பிக் போட்டு ஓங்கி அடிக்கிறவருக்கு அதே உயரத்தில் எல்லாக் கம்பியும் ஃப்ரெட்டில் தட்டும். அவர் தன் கைக்கோ, பொதுவான ஒரு அளவுக்கோதான் வைத்துக் கொடுக்க முடியும். கடைசி அரை மில்லிமீட்டரை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

கிட்டார், பேஸ் ரிப்பேர்தான் என் தொழில். வருமானம் போகும் என்று தெரிந்தே சொல்கிறேன், கீழ்ஸ்தாயி கேட்ட வேலையில் பெரும்பகுதி அவரே செய்துகொள்ளக்கூடியது.

நான் வேலையை இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். திருகாணியைத் திருப்பிச் செய்கிற வேலை ஒரு வகை. ட்ரஸ் ராட், சேடில் உயரம், இன்டனேஷன், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) உயரம் எல்லாம் இதில் வரும். திருப்பினது பிடிக்கவில்லையென்றால் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம், எதுவும் போகவில்லை. அரத்தை வைத்துத் தேய்த்துச் செய்கிற வேலை இன்னொரு வகை. நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காருகிற துண்டு) பள்ளத்தை ஆழமாக்குவது, ஃப்ரெட்டைச் சமன் செய்வது, நெக் பாக்கெட்டில் (நெக் பாடியில் உட்காருகிற குழி) கை வைப்பது எல்லாம் இது. தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. முதல் வகையை வாசிக்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாவதை, அதுவும் இந்த மாதிரி ஒரு பேஸில், தினம் அதே வேலையைச் செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விலை அதிகம் என்பதால் பயப்படுகிறீர்கள். உண்மையில் விலை கூடின பேஸில்தான் இந்த வேலை சுலபம். ராட் மென்மையாகத் திரும்பும், சேடில் திருகாணி துருப்பிடித்திருக்காது, ஃப்ரெட் சமமாக இருக்கும், அதனால் நீங்கள் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் கருவி ஒழுங்காகப் பதில் சொல்லும். மலிவான பேஸில் ஃப்ரெட்டே மேடுபள்ளமாக இருந்தால் ராடை எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு இடத்தில் கரகரக்கும்.

இப்போது வேலை. வரிசை முக்கியம், ஏனென்றால் முன்னால் செய்வது பின்னால் வருவதை மாற்றும். நீங்கள் எப்போதும் போடுகிற கம்பி, எப்போதும் வைக்கிற சுருதி, அதோடுதான் தொடங்க வேண்டும். 45-65-85-105 செட்டில் (கேஜ், அதாவது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுப்பது ஏறக்குறைய 80 கிலோ, பி கம்பியின் இழுவை அதோடு சேரும். அந்த இழுவை இல்லாமல் எடுத்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. அப்புறம் ரிலீஃப், அதாவது நெக்கில் விடுகிற சின்ன முன்வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போட்டு, ஒரு கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்துங்கள். கம்பியே ஒரு நேர்கோல் ஆகிவிடும். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்து இடைவெளியைப் பாருங்கள். ஃபெண்டர் தன் பேஸ்களுக்குச் சொல்கிற அளவு, ஃபிங்கர்போர்டு வளைவைப் பொறுத்து 0.25 முதல் 0.35 மி.மீ. உங்கள் பேஸுக்கும் இதே ஊரில்தான் எங்காவது இருக்கும். வாசிக்கும்போது எப்படிச் சாயுமோ அப்படியே பேஸைப் பிடித்துக்கொண்டு அளங்கள், மேஜையில் மல்லாத்திப் போட்டால் நெக்கின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றும்.

இந்த வளைவு ஏன் வேண்டும் என்றால், அதிர்கிற கம்பி நடுவில்தான் அதிக அகலத்துக்கு ஆடும். நெக் அச்சுக்கோடு போல நேராக இருந்தால் அந்த ஆட்டத்துக்கு இடம் இருக்காது, கீழ் ஃப்ரெட்களில் தட்டும்.

நீங்கள் சொல்கிற அறிகுறி, நடுவில் மட்டும் உயரம் கூடியது, நூற்றுக்குத் தொண்ணூறு ரிலீஃப் கூடியதுதான். சேடிலை இறக்கி அதைச் சரிக்கட்டப் போனால் நடுவில் உயரம் போதுமான அளவு குறையாது, மேல் ஃப்ரெட்களில் தட்ட ஆரம்பிக்கும். முதலில் அளந்து எழுதுங்கள், எதையும் திருப்ப வேண்டாம்.

மெல்விரல் எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ட்ரஸ் ராட் என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டால் போதாது. எல்லா பேஸிலும் ஒரே மாதிரி ராட் இல்லை. ரிக்கன்பேக்கரிலும் அலெம்பிக்கிலும் இரண்டு ராட் இருக்கும். அதிலும் பழைய ரிக்கன்பேக்கர் 4001இல் நெக்கைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் ராடின் திருகு நட்டை இறுக்க வேண்டும், அந்தத் திருகு நட்டைக்கொண்டே வளைக்கப் போனால் ஃபிங்கர்போர்டு பெயர்ந்துவிடும். 4003இல்தான் அது மாறியது. பழைய ஃபெண்டரில் ராட் முனை நெக்கின் அடிப்பக்கம், பார்க்கவே நெக்கைக் கழற்ற வேண்டியிருக்கும். மியூசிக் மேனில் பாடி பக்கம் ஒரு சின்னச் சக்கரம், துளையில் கம்பியை விட்டுத் திருப்பினால் போதும். கிராஃபைட் நெக் சிலவற்றில் ராடே கிடையாது. அதனால்தான் தெரிந்தவரிடம் கொடுங்கள் என்கிறேன். பணம் போட்ட கருவியில் எது என்ன என்று தெரியாமல் சாவியை விடக்கூடாது.

பட்டறைக்காரர் எழுதியது:

இது நியாயமான எச்சரிக்கை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானது. செய்தவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: ஒருபக்கம் மட்டும் வேலை செய்யும் ராடா இருபக்கமும் வேலை செய்யும் ராடா, சாவி என்ன அளவு, அவர் பட்டறையிலிருந்து அனுப்பியபோது ரிலீஃப் எவ்வளவு வைத்தார்.

சாவி அளவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் மேஜைக்கு வருகிற பழுதான ராட்களில் உடைந்தது குறைவு, குழி உருண்டையானதுதான் நிறைய. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அதில் 4.5 மி.மீ. சாவி உள்ளே போய்விடும், ஆனால் ஆடும். அதோடு பலம் கொடுத்துத் திருப்பினால் அறுகோணத்தின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும், பிறகு சரியான சாவிகூட பிடிக்காது. சாவி கடைசிவரை உட்கார வேண்டும், கொஞ்சமும் ஆடக்கூடாது. உருண்டைத் தலை வைத்த சாவியை ராடுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

திசை: கடிகாரம் ஓடுகிற பக்கமாகத் திருப்பினால் ராட் இறுகி நெக் நேராகும், ரிலீஃப் குறையும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கம்பியின் இழுவை ஜெயித்து ரிலீஃப் கூடும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, அதிகபட்சம் கால் சுற்று. இறுக்குவதற்கு முன் ஒரு பங்கு தளர்த்திப் பார்த்துவிட்டு இறுக்குவது என் வழக்கம், ராட் ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது என்று கை சொல்லிவிடும். கட்டையாக எதிர்த்தால் நிறுத்துங்கள். அங்கே பலம் காட்டுகிற இடம் இல்லை, அந்த நிலையில் பேஸ் என் மாதிரி ஆளிடம்தான் வர வேண்டும். திருப்பினதும் மறுபடி சுருதி சேர்த்து அளங்கள், ராடை இறுக்கினால் சுருதியும் ஏறியிருக்கும். சில நெக் உடனே நகரும், சிலது ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும்.

ஐந்தாம்கம்பி எழுதியது:

பி கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கீழ்ஸ்தாயிக்கு அதுதானே பாதித் தொல்லை.

திறந்த பி 30.87 ஹெர்ட்ஸ். கிளிப் வகைச் சின்ன ட்யூனர் பலது அந்த ஆழத்தில் தடுமாறும், முள் அங்கும் இங்கும் ஓடும். வயரைப் போட்டு பெடல் ட்யூனரிலோ நல்ல ஸ்ட்ரோப் ட்யூனரிலோ பாருங்கள், நெக் பிக்கப்பை மட்டும் வைத்து, டோனைக் குறைத்து. பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மானிக்கை (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஒலி) ஒலிக்கவிட்டு, அதே இடத்தில் அழுத்தின ஸ்வரத்தோடு ஒப்பிட வேண்டும். அழுத்தினது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், கம்பி நீளட்டும். இறங்கியிருந்தால் முன்னால். தடித்த கம்பி மீட்டின கணத்தில் ஏறி நின்று பிறகு இறங்கி உட்காரும், அதனால் வழக்கமாக எப்படி வாசிப்பீர்களோ அதே பலத்தில் மீட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. விரலை எப்போதையும்விட அழுத்திப் பிடித்தாலே சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும்.

சேடிலைத் தொடுவதற்கு முன் ஒன்று. தடித்த கம்பி சேடிலைத் தாண்டியதும் சட்டென்று வளையாது, சின்ன வில் மாதிரி எழும்பி அப்புறம்தான் நேராகும். அந்த வில் இருக்கும்வரை கம்பியின் அதிர்கிற நீளம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது, இன்டனேஷன் பிடிபடாது. சேடிலுக்கு முன்னால் கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிடுங்கள், நட்டின் பக்கமும் அப்படியே. பி கம்பி குழறுகிறது, சுருதி நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே தீர்த்துவைக்கும். இன்னும் சேடில் பின்னால் போக இடமில்லாமல் முட்டிக்கொண்டால், முனை மெலிந்த டேப்பர் கம்பி போட்டுப் பாருங்கள்.

நாலுகம்பி எழுதியது:

கட்டைவிரல் விஷயம் முழு உண்மை. இன்னொன்று சேர்க்கிறேன், பிக்கப் காந்தம் கம்பிக்கு ரொம்பக் கிட்டே இருந்தாலும் தடித்த கம்பி ஒழுங்காக ஆடாது, மேல் ஃப்ரெட்களில் ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே இரண்டு சுருதி கேட்கிற மாதிரி அலைபாயும். அதை இன்டனேஷன் குறை என்று நினைத்து சேடிலை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் தடித்த கம்பிப் பக்கம் 3 மி.மீ. சுற்றி, மெலிந்த பக்கம் 2.4 மி.மீ. சுற்றி இருக்கிறதா பாருங்கள். அதற்குமேல் காதுக்கு விட்டுவிடுங்கள்.

புதுக்கை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கு வேறொரு சந்தேகம். கரகரப்பு எந்தக் காரணத்தால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராடா, சேடிலா, ஃப்ரெட்டா, எதைத் தொடுவது என்றே புரியவில்லை.

பட்டறைக்காரர் எழுதியது:

எங்கே கரகரக்கிறது என்பதுதான் பதில், அதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். கம்பியைத் திறந்து மீட்டினால் மட்டும் கரகரக்கிறது, முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் போய்விடுகிறது என்றால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லாக் கம்பியிலும் தட்டினால் ரிலீஃப் போதவில்லை, நெக் பின்வளைவாகக்கூடப் போயிருக்கலாம், ராடைத் தளர்த்த வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றால் சேடில் தாழ்வு. சேடிலை ஏற்றியும் மேலே தட்டினால் நெக் பாடியோடு சேருகிற இடம் எழும்பியிருக்கலாம், அது ராடுக்கு அடங்காது. ஒரே ஒரு ஃப்ரெட்டில், ஒரே ஒரு கம்பியில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. மூன்று ஃப்ரெட்மேல் உட்காருகிற சின்ன நேர்முனைத் தகட்டை வைத்து ஆட்டிப் பார்த்தால் உடனே தெரியும், நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் தகடு டக் டக் என்று ஆடும்.

ஆம்பில் கேட்காத கரகரப்பை விரட்டிக்கொண்டு போகாதீர்கள். பேஸில், அதுவும் தாழ்ந்த ஆக்ஷனில் (கம்பி உயரத்தில்), வயர் போடாமல் வாசித்தால் கொஞ்சம் தட்டுவது இயல்பு. அதையும் ஒழித்தே தீருவேன் என்று ஏற்றிக்கொண்டே போனால் வாசிக்க முடியாத உயரத்துக்கு வந்துவிடும்.

மெல்விரல் எழுதியது:

ஒரு கேள்வி பட்டறைக்காரருக்கு. என் பேஸில் ஜி கம்பியில் ஐந்து, ஆறு அந்தப் பக்கம் ஒரு ஸ்வரம் மீட்டின உடனே செத்துப்போகிறது. கரகரப்பு எதுவும் இல்லை, ஒலி நீண்டு நிற்பதுதான் இல்லை. செட்டப்புக்குக் கொடுத்து வாங்கியும் அப்படியே இருக்கிறது. அது அவர் செய்த வேலையின் குறையா?

பட்டறைக்காரர் எழுதியது:

இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நெக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானே ஆடும். கம்பியின் ஸ்வரம் அந்த இடத்தில் விழுந்தால் கம்பியின் சக்தியை நெக் வாங்கிக்கொள்கிறது. ஃபெண்டர் வடிவ நாலு கம்பி பேஸ்களில் ஜி கம்பியின் ஐந்திலிருந்து ஏழு வரை இது ரொம்பப் பரிச்சயமான இடம், விலை உயர்ந்ததிலும் வரும். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கனமான கிளாம்பைப் போட்டுப் பாருங்கள், அந்தச் செத்த இடம் ஒன்றிரண்டு ஃப்ரெட் நகர்ந்து போகும். போகவே போகாது, நகரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் எங்கோ விழுந்தால் தொல்லை குறையும். இது கருவியின் உடம்போடு பிறந்தது, எந்தத் திருகாணியும் இதற்குப் பதில் இல்லை என்று வாங்குகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பேஸ் வாங்கும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மீட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

செய்தவருக்கு எழுதினேன், அழகாகப் பதில் போட்டார். ராட் இருபக்கமும் வேலை செய்யும், சாவி 5 மி.மீ., அவர் 0.3 ரிலீஃப் வைத்து அனுப்பியிருக்கிறார். நீங்களே திருப்பலாம், அதற்காகத்தானே ஹெட்ஸ்டாக்கில் வாய் திறந்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததுமே பாதி பயம் போய்விட்டது.

அளந்தேன். எட்டாவது ஃப்ரெட்டில் ரிலீஃப் 0.6. 17ஆவது ஃப்ரெட்டில் பி கம்பி 2.9, ஜி கம்பி 2.3. முதல் ஃப்ரெட் பக்கம் நட் நன்றாகவே இருக்கிறது, மூன்றாவதில் அழுத்தினால் முதல் ஃப்ரெட் மேல் மயிரிழை இடைவெளி. ராடைத் திருப்பட்டுமா?

பட்டறைக்காரர் எழுதியது:

திருப்புங்கள். எட்டில் ஒரு சுற்று, சுருதி, அளவு. 0.35 வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். சேடிலை இன்னும் தொடாதீர்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

ராட் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. காலையில் அளந்தபோது சரியாக 0.3இல் உட்கார்ந்திருந்தது. சேடிலைத் தொடவே இல்லை, ஆனால் 17ஆவதிலும் உயரம் கொஞ்சம் குறைந்து பி 2.7 ஆகிவிட்டது. நடு நெக் பழையபடி வழுக்குகிறது. பி கம்பியைச் சேடிலிலும் நட்டிலும் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன், பிறகு பார்த்தால் பன்னிரண்டில் ஏறியது முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு சேடிலைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன், ட்யூனரில் நிலையாக நிற்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். இப்போது தாழ்ந்ததால் ஜி கம்பியில் 14ஆவது ஃப்ரெட் மட்டும் தட்டுகிறது, ஆம்பிலும் கேட்கிறது. தகட்டை வைத்து ஆட்டிப் பார்த்தேன், 15ஆவது ஃப்ரெட் அந்த ஓரத்தில் டக் டக் என்கிறது. முன்பு உயரம் கூடுதலாக இருந்ததால் தெரியாமல் இருந்திருக்கிறது போல.

நாலுகம்பி எழுதியது:

ஜி சேடிலை ஒரு கால் சுற்று ஏற்றிவிட்டு வாசித்துக்கொண்டே இருங்கள், அதற்குப் போய் டெக்னீஷியன் எதற்கு?

ஐந்தாம்கம்பி எழுதியது:

ஒரு ஃப்ரெட்டுக்காக முழுக் கம்பியையும் ஏற்றுவதா? இந்த மாதிரி ஒரு பேஸில் அது நியாயமாகப் படவில்லை. ஜி கம்பியில்தான் மேலே சோலோ வாசிப்போம், அதுதான் தாழ்ந்திருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

நானும் ஐந்தாம்கம்பி பக்கம்தான். தற்காலிகமாக ஏற்றி வாசியுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் இதுதான் கொடுக்க வேண்டிய வேலை. அந்த ஃப்ரெட் பள்ளத்திலிருந்து எழும்பியிருந்தால் தட்டி உட்காரவைத்து ஒட்டினாலே போதும், தேய்க்கவே வேண்டாம். நன்றாக உட்கார்ந்திருந்தும் உயரம் என்றால் அந்த ஓரத்தை மட்டும் சமன் செய்து, தலையை மறுபடி வட்டமாக்கி மெருகேற்ற வேண்டும். இரண்டில் எது என்று பார்த்துச் சொல்கிற கண்ணுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அது நியாயமான பணம். வீட்டில் அரத்தை எடுத்து அந்த ஒன்றை மட்டும் தேய்க்கிறேன் என்று இறங்கினால் பக்கத்து ஃப்ரெட் உயரமாகத் தோன்றும், அதையும் தேய்ப்பீர்கள், அது நிற்காது.

மெல்விரல் எழுதியது:

பிளெக் இயந்திரம் வைத்திருக்கிறவரிடம் கொடுத்தால் இன்னும் துல்லியமாக வருமா?

பட்டறைக்காரர் எழுதியது:

அது ஜெர்மனியில் உருவான அருமையான இயந்திரம். கம்பி மாட்டி சுருதி சேர்த்த நிலையிலேயே ஒவ்வொரு ஃப்ரெட்டின் உயரத்தையும் அளந்துவிடும், அப்புறம் கம்பியை எடுத்துவிட்டு எவ்வளவு தேய்க்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் தேய்க்கும். கையால் செய்கிறவர்கள் கம்பியின் இழுவையை ஜிக் (நெக்கைப் பிடித்து நிறுத்துகிற சட்டம்) வைத்தோ ராடை வைத்தோ ஈடுகட்ட வேண்டும். ஆனால் எந்த வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு ஆள்தான். ஆளைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு ஃப்ரெட்டுக்கு இயந்திரம் தேவையே இல்லை.

கீழ்ஸ்தாயி, கொடுக்கும்போது சும்மா செட்டப் செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கம்பி என்ன கேஜ், சுருதி என்ன, விரலா பிக்கா ஸ்லாப்பா என்று சொல்லுங்கள். அவர் முன்னால் ரெண்டு நிமிஷம் வாசித்துக் காட்டுங்கள், நீங்கள் எவ்வளவு ஓங்கி மீட்டுகிறீர்கள் என்பது அவருக்கு எந்த எண்ணையும்விட அதிகம் சொல்லும். இப்போதைய அளவுகள், ரிலீஃப் 0.3, பி உயரம், ஜி உயரம், அந்த ஒரு ஃப்ரெட், எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் அவர் வைத்த அளவுகளையும் எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அன்றைய ஈரப்பதத்தோடு. பிறகு சீசன் மாறி நெக் அசைந்தால் நீங்கள் திரும்பப் போக வேண்டிய இடம் தாளில் இருக்கும், ஊகிக்க வேண்டாம். பேஸ் இருக்கிற அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் ராடைத் தொடுகிற தேவையே குறைந்துவிடும். ஒரு சின்ன மீட்டரை கேஸுக்குள் போட்டுவையுங்கள்.

புதுக்கை எழுதியது:

கம்பி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் நெக் கெட்டுவிடும் என்கிறார்களே?

பட்டறைக்காரர் எழுதியது:

கெடாது. ஃபிங்கர்போர்டைத் துடைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றினால் நெக் அதிகம் அசையாமல் இருக்கும், திரும்பக் கட்டியதும் சீக்கிரம் நிலைக்கு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். கேஜை மாற்றினால் மட்டும் மறுபடி அளந்தே ஆக வேண்டும், இழுவை மாறிவிட்டது. ரவுண்ட்வூண்டிலிருந்து (உருண்டைக் கம்பி சுற்றியது) ஃப்ளாட்வூண்டுக்குப் (தட்டைப் பட்டை சுற்றியது) போனாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

அந்த ஃப்ரெட்டுக்கு மட்டும் கொடுக்கிறேன், நேரம் வாங்கிவிட்டேன். மற்றதெல்லாம் இனி என் கையில். இப்போது மாட்டியிருக்கிற கம்பியோடு அப்படியே கொண்டுபோனால் போதுமா?

பட்டறைக்காரர் எழுதியது:

அதே கேஜ், அதே பிராண்டில் புது செட் ஒன்று கூடவே கொண்டுபோங்கள். ஃப்ரெட்டில் வேலை செய்யக் கம்பியைக் கழற்றியாக வேண்டும், போஸ்ட்டில் சுற்றி வளைந்த தடித்த கம்பியை மறுபடி சுற்றினால் அந்த வளைவில் முறியலாம். ஆக்டிவ் பேஸ் என்பதால் வயரை ஜாக்கில் விட்டுவிட்டு வராதீர்கள், வேலை முடியும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.